வெள்ளைக்கு ஆகும் செலவு

புரொஜெக்டரில் நிறத்தைச் சரிசெய்வது என்றால் இன்று ரிமோட்டை எடுத்து மெனுவுக்குள் போய் ‘சினிமா’, ‘டைனமிக்’, ‘ஸ்டாண்டர்டு’ ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்றாகிவிட்டது. பயிற்சிக் கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் பள்ளிகளின் ஸ்மார்ட் வகுப்புகளிலும் பெரும்பாலும் அதைக்கூட யாரும் செய்வதில்லை. பெட்டியைப் பிரித்தபோது எப்படி இருந்ததோ அப்படியே ஓடுகிறது. ஆனால் இந்த வேலைக்கு ரிமோட்டைவிட நீண்ட வரலாறு உண்டு. தமிழில் வண்ணப்படம் வந்த நாளிலிருந்தே ஆபரேட்டர் அறைக்குள் யாரோ ஒருவர் வெள்ளையை வெள்ளையாக வைத்திருக்கப் பாடுபட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அந்தப் பாடு எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்று தேடிப் போனால் ஒரே காரணம் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. நிறத்தைத் திருத்தினால் ஒளி குறையும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் எது மிகுந்திருக்கிறதோ அதைக் குறைத்துத்தான் சமன் செய்ய முடியும். குறைவாக இருப்பதைக் கூட்டலாம் என்றால் விளக்கில் சரக்கு இருக்காது. ஒளியோ காசு கொடுத்து வாங்குவது. ஆகவே ஓர் ஊரின் திரையில் வெள்ளை எந்த நிறத்தில் இருந்தது என்பதில் அந்த ஊர்க்காரர்களின் ரசனைக்குப் பங்கு குறைவு; விளக்குக்கு யாரால் எவ்வளவு செலவழிக்க முடிந்தது என்பதற்கே பங்கு அதிகம் என்பது என் வாதம்.

இதைச் சோதித்துப் பார்க்க ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரம் தோதான இடம். 1956 பொங்கலுக்கு வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் டி. ஆர். சுந்தரம் அதைக் கேவா கலரில் எடுத்தார். அன்றைக்கு ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. தர்மபுரி மாவட்டம் பிரிந்தது 1965ல், கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004ல். வருவாய்த் துறையின் வரைபடம் இப்படி இரண்டு முறை மாறியும் சினிமாக்காரர்களின் வரைபடம் மாறவில்லை. விநியோகக் கணக்கில் இந்த வட்டாரம் இன்றும் ‘சேலம் ஏரியா’தான். ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர். சேலம் அதைப் போல நான்கு மடங்கு தொலைவு. ஆனாலும் ஃபிலிம் காலத்தில் ஓசூர்த் தியேட்டருக்குத் தமிழ்ப் படப் பெட்டி வர வேண்டியிருந்தது சேலம் ஏரியாவுக்கு வாங்கியவரிடமிருந்து. பெங்களூர் வேறு மாநிலம், வேறு உரிமை, வேறு வியாபாரம். பிரிண்ட் போட ஆகும் செலவு பெரிது என்பதால் ஓர் ஏரியாவுக்குச் சில பிரிண்ட்டுகளே கிடைக்கும். அவை முதலில் பெரிய ஊர்களான ஏ சென்டரில் ஓடி, பிறகு சிறிய ஊர்களான பி, சி என்று இறங்கும். சிறிய ஊருக்கு வண்ணம் வரும்போதே அதில் பல நூறு ஓட்டங்களின் கீறல் விழுந்திருக்கும். 1980களின் தொடக்கத்தில் நிறம் மங்காத ஸ்டாக் வரும்வரை ஈஸ்ட்மென் கலர் பிரிண்ட்டுகளுக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்தால் அவற்றின் மூன்று சாயங்களில் நீலப்பச்சையான சியான் மற்ற இரண்டையும் முந்திக்கொண்டு வெளுத்துவிடும். மிஞ்சுவது செக்கச்செவேல் என்ற வானமும் ரோஜா நிறத்து வேட்டியும்.

பிரிண்ட்டே கெட்டுப்போயிருக்கும்போது விளக்கைக் குறைசொல்லி என்ன பயன் என்று கேட்கலாம். விளக்கும் அதே திசையில் கெட்டது என்பதுதான் பதில். கார்பன் ஆர்க் விளக்குக்குள் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். லாம்ப் ஹவுஸ் என்ற இரும்புக் கூட்டுக்குள் விரல் தடிமன்கூட இல்லாத இரண்டு கார்பன் குச்சிகள் எதிரெதிரே நிற்கும். முனைகளைத் தொடவைத்துப் பிரித்தால் நடுவில் ஆர்க் பிடிக்கும். பாசிடிவ் குச்சியின் முனையில் ஒரு சிறு குழி விழும். கண்ணைக் கூசவைக்கும் ஒளி பிறப்பது அந்தக் குழியில்தான். பின்னாலிருக்கும் ரிஃப்ளெக்டர் அதைத் திரட்டி ஃபிலிமின் மேல் கொண்டுபோய்ச் சேர்க்கும். குச்சிகள் நொடிக்கு நொடி எரிந்து தேய்வதால் குழியும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அது இருக்க வேண்டிய இடத்தைவிட்டு ஒரு பக்கம் நகர்ந்தால் திரையில் நீலம் ஏறும். மறு பக்கம் நகர்ந்தால் ஓரங்களில் பழுப்பு படியும். திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று காத்திருந்தால் அதற்குள் ஜனம் பார்த்துவிடும். அதனால் ஆர்க்கின் பிம்பத்தைச் சிறிதாக ஓர் அட்டையில் விழவைத்து, அட்டையில் கிழித்த கோட்டில் பாசிடிவ் முனை நிற்கிறதா என்று பார்த்தபடியே ஆபரேட்டர் கைப்பிடியைத் திருகுவார். குச்சியை மோட்டார் தள்ளும் மெஷின்களிலும் இந்தக் கண்காணிப்பு ஓயவில்லை. இன்றைய மெனுவில் ‘கலர் டெம்பரேச்சர்’ என்றிருக்கும் பட்டனுக்கு மூதாதை அந்தக் கைப்பிடி.

கைப்பிடியை எவ்வளவு நுட்பமாகத் திருகினாலும் குச்சியில் இல்லாத வெள்ளை வராது. சாதாரணக் கார்பன் குச்சி எரியும்போது ஒளி மஞ்சள் கலந்தே வரும். அதன் நிற வெப்பநிலை ஏறக்குறைய 3,800 கெல்வின். வண்ணப்படங்களுக்குத் தேவைப்பட்டதோ 5,400 கெல்வினை ஒட்டிய வெள்ளை. அதைத் தர, நடுத்தண்டில் சீரியம் போன்ற அருமண் சேர்மங்களை வைத்த ‘ஹை இன்டென்சிட்டி’ குச்சிகள் வேண்டும். அவை கேட்கும் மின்சாரமும் அதிகம், தீரும் வேகமும் அதிகம். கணக்கு இங்கேதான் கறாராகிறது. மஞ்சள் ஒளி மலிவு, வெள்ளை ஒளி விலை கூடியது. எரிந்து குட்டையான துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திக் கடைசிவரை எரிப்பதும், ஆம்பியரைக் குறைத்து ஓட்டுவதும் சினிமாத் தொழில் எங்கும் அறிந்த சிக்கனம். கரன்ட் எட்டாத கிராமங்களில் ஆயில் இன்ஜின் ஜெனரேட்டரை வைத்து ஓட்டிய டூரிங் டாக்கீஸ்களில் ஒவ்வொரு ஆம்பியரும் டீசலாகக் கணக்கில் ஏறியது. ஆம்பியர் குறைந்தால் ஹை இன்டென்சிட்டி ஆர்க் தன் வெள்ளையை இழந்து மங்கும், பழுக்கும். ஏற்கெனவே சிவந்துபோன பிரிண்ட்டின் மேல் பழுப்பு ஒளி விழுந்தால் இரண்டு தவறுகளும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளாமல் கூட்டுச் சேர்ந்துகொள்ளும். பழைய வண்ணப்படம் என்றதும் ஒரு தலைமுறைக்குச் செம்பழுப்பு நிறமே நினைவுக்கு வருகிறது என்றால், அந்த நிறத்தை எந்த ஒளிப்பதிவாளரும் திட்டமிடவில்லை. வறுமை இரண்டு கையாலும் தீட்டிய நிறம் அது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது ஒன்று உண்டு. இருட்டறையில் திரை முழுவதும் ஒரே மாதிரி மஞ்சளாக இருந்தால், சில நிமிடங்களில் கண் அதையே வெள்ளையாக ஏற்றுக்கொள்ளும். குண்டு பல்பு வெளிச்சத்தில் காகிதம் நமக்கு வெள்ளையாகத் தெரிவதும் இதனால்தான். அப்படியானால் 3,800 என்ன, 5,400 என்ன, ஜனத்துக்கு எல்லாம் ஒன்றுதானே? கண் பழகும் என்பது உண்மை. ஆனால் அது பழகுவது மாறாத நிறத்துக்கு. மாறிக்கொண்டிருக்கும் நிறத்துக்குப் பழக அதற்கு நேரமில்லை. நிரந்தரத் தியேட்டரில் மெஷின்கள் இரண்டு. 1,000 அடி ரீல் பதினோரு நிமிடம் ஓடும். முடிகிற தறுவாயில் ஓரத்தில் புள்ளி மின்னும், அடுத்த மெஷினுக்கு சேஞ்ச் ஓவர் நடக்கும். இரண்டு ஆர்க்கும் ஒரே நிறத்தில் எரியாவிட்டால் கதாநாயகியின் முகம் ஒரே வசனத்துக்கு நடுவில் மஞ்சளிலிருந்து நீலத்துக்குத் தாவும். பதினோரு நிமிடத்துக்கு ஒரு தரம் இப்படித் தாவினால் கண் எதற்கென்று பழகும்? நல்ல ஆபரேட்டர் என்று பெயரெடுத்தவரின் திறமையில் பாதி, அந்தத் தாவல் தெரியாமல் இரண்டு ஆர்க்கையும் ஒரே நிறத்தில் எரியவைப்பதில் இருந்தது. ஒரே மெஷினை வைத்துக்கொண்டு ரீலுக்கு ரீல் இடைவேளை விட்ட டென்ட் கொட்டகையில் இந்தப் பிரச்சினை எழவில்லை. ஆனால் அங்கேயும் ஒரே ரீலுக்குள் ஆர்க் அலைந்தால் நிறமும் கூடவே அலையும்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண் எவ்வளவு கறாரானது என்பதற்கு ஓசூரே சாட்சி. 1970களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980ல் டிவிஎஸ் 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளியானது; அசோக் லேலண்டின் ஆலை வந்ததும் அதே ஆண்டையொட்டித்தான்; அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டைட்டன் கடிகாரமும் வந்துவிட்டது. வாகனத் தொழிலில் இரும்பு டேங்க் ஓரிடத்தில் பெயின்ட் ஆகும், பிளாஸ்டிக் பேனல் வேறொரு வெண்டரிடம் பெயின்ட் ஆகும். இரண்டும் ஒரே வண்டியில் ஒட்டி உட்கார வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்பு, ஒட்டிவைத்தால் இரண்டு சிவப்பு. அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாஸ்டர் பேனல், குறிப்பிட்ட விளக்கு பொருத்திய லைட் பூத், நிற வித்தியாசத்தை ‘டெல்டா ஈ’ என்ற எண்ணாகச் சொல்லும் கருவி எல்லாம் இந்தத் தொழிலில் அன்றாடச் சாமான்களாகின. நிறத்தைக் கண்ணால் ஒப்புக்கொள்ளக் கூடாது, அளக்க வேண்டும் என்ற ஒழுக்கம் தொழிற்சாலைக்குள் வேரூன்றிவிட்டது. அதே ஊரின் தியேட்டருக்கு அந்த ஒழுக்கம் வந்து சேரவில்லை. சினிமாக் கொட்டகையை ஆளும் சட்டங்கள் எரியும் நைட்ரேட் ஃபிலிமைக் கண்டு பயந்த காலத்தில் உருவானவை. 1918ன் சினிமாட்டோகிராஃப் சட்டம் முதல் 1955ன் மாநிலச் சட்டம்வரை, கொட்டகையைப் பொறுத்தமட்டில் அவற்றின் கவனம் கட்டட உறுதி, வெளியேறும் வழி, மின்கம்பி, ஆபரேட்டர் அறை ஆகியவற்றின் மேல்தான். உயிரைக் காக்க அது நியாயமான முன்னுரிமை. ஆனால் பேனலைத் திருப்பியனுப்ப எண் வைத்திருந்த ஊரில் திரையைத் திருப்பியனுப்ப யாரிடமும் எண் இருக்கவில்லை.

கார்பனை வெளியேற்றிய செனான் விளக்கு இந்தக் கதையில் உண்மையான முன்னேற்றம். 1954ல் ஜெர்மனியில் அறிமுகமான அது, நம் ஊர்த் தியேட்டர்களுக்கு மெதுவாகத்தான் வந்தது. குச்சி இல்லை, புகை இல்லை, குழி நகர்வதில்லை. நிறம் ஏறக்குறைய 6,000 கெல்வினில் ஆணியடித்தாற்போல் நிற்கும்; ஆம்பியரைக் குறைத்தாலும் பெரிதாக மாறாது. ஆனால் செனான் பல்பு விலை கூடியது, அதற்கு உத்தரவாதமான மணிக்கணக்கு உண்டு. மணி தீர்ந்தும் மாற்றாமல் ஓட்டுவதும், ஆயுள் நீளட்டும் என்று தணித்து ஓட்டுவதும் புதிய சிக்கனங்களாயின. சென்னைக்கு வெளியே 2012ல் பத்து மணி நேரத்தையும் தாண்டிய மின்வெட்டில் டீசல் ஜெனரேட்டரில் காட்சி நடத்தியவர்களுக்கு அது பெரிய ஆசை. நிறம்தான் மாறவில்லையே, வெளிச்சம் கொஞ்சம் குறைந்தால் என்ன என்று தோன்றும். அது பிழை. ஆர். டபிள்யூ. ஜி. ஹன்ட் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1950களில் காட்டியபடி, வெளிச்சம் குறையக் குறைய அதே நிறம் கண்ணுக்குச் சாயம் குறைந்ததாகத் தெரியும். கருவி வைத்தால் சிவப்பு அதே சிவப்பு. பார்ப்பவருக்கு வெளிறிய சிவப்பு. பல்பில் மிச்சம் பிடித்த காசு வண்ணத்திலிருந்தே பிடித்த காசு.

2005க்குப் பிறகு டிஜிட்டல் வந்தபோது சிறிய ஊர்கள் பெற்ற நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனம் உருவாக்கிய க்யூப், மும்பையின் யுஎஃப்ஓ ஆகியவற்றின் வழியே, சென்னையில் பார்க்கும் அதே நாளில் அதே கோப்பு ஓசூரிலும் ஓடியது. கீறலில்லை, வெளுத்த சியான் இல்லை, சேலத்திலிருந்து பெட்டி வரக் காத்திருப்பதில்லை. ஏ சென்டரின் எச்சத்தை சி சென்டர் பார்த்த காலம் முடிந்தது. நிறத்தின் சமத்துவம் வந்துவிட்டது என்று அன்று சொன்னவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. கோப்பு சமமானது, விளக்கு சமமாகவில்லை. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் கூடி 2005ல் வெளியிட்ட டிசிஐ தரவிதி, திரையின் வெள்ளைக்கு எண் கொடுத்தது: நிற வரைபடத்தில் எக்ஸ் 0.314, ஒய் 0.351, பிரகாசம் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. இந்தியாவில் பல சிறிய தியேட்டர்கள் முதலில் வாங்கியதோ அந்தத் தரத்தை எட்டாத, ‘ஈ-சினிமா’ என்று தனிப்பெயர் பெற்ற மலிவான ஏற்பாட்டை. டிசிஐ புரொஜெக்டரை நிறுவும்போது இன்ஜினியர் செய்வதைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். இருக்கைகளுக்கு நடுவே முக்காலியில் ஸ்பெக்ட்ரோ ரேடியோ மீட்டரை நிறுத்துவார். திரை முழுக்கச் சிவப்பு, பிறகு பச்சை, நீலம், வெள்ளை. ஒவ்வொன்றுக்கும் கருவி சொல்லும் எக்ஸ், ஒய் எண்களைப் புரொஜெக்டரில் பதிவார். இருப்பதற்கும் இருக்க வேண்டியதற்கும் உள்ள வித்தியாசத்தை மெஷினே கணக்கிட்டு, மிகுந்த நிறத்தின் சிப்பை அந்த அளவுக்கு அடக்கும். திரையில் அளப்பதால் ஆபரேட்டர் அறைக் கண்ணாடியின் பச்சைச் சாயலும் திரைத்துணியின் மஞ்சளும் கணக்கில் வந்துவிடும். அளந்து முடித்த பிறகு பிரகாசம் முன்பைவிடக் குறைவாகவே இருக்கும். திருத்தத்துக்குக் கொடுத்த விலை அது. பல்பும் திரையும் முதுமையடைய, ஒருமுறை பதிந்த எண்களும் பழசாகும். மறுபடி யார் அளப்பது, யார் செலவு? 2018 மார்ச் 1 முதல் தமிழ்த் தயாரிப்பாளர்கள் புதுப்பட வெளியீட்டையே நிறுத்திவைத்து நடத்திய வேலைநிறுத்தம், டிஜிட்டல் நிறுவனங்கள் வாங்கிய ‘விர்ச்சுவல் பிரிண்ட் ஃபீ’ என்ற விபிஎஃப் கட்டணம் பற்றியது. திரையில் படம் விழும் செலவை யார் தலையில் கட்டுவது என்ற பழைய வழக்கு, ஒன்றரை மாதத்துக்குமேல் மாநிலத்தையே புதுப்படமில்லாமல் வைத்தது.

தியேட்டருக்கு வெளியே இதே விதி இன்னும் பச்சையாக, சொல்லுக்குச் சொல் பச்சையாகவே தெரியும். 1990களின் நடுவில் ஃபிலிப்ஸ் கொண்டுவந்த யுஎச்பி என்ற பாதரச விளக்குதான் அலுவலகப் புரொஜெக்டர்களைச் சிறிதாக்கி மலிவாக்கியது. அதன் ஒளியில் பச்சை ஓங்கியிருக்கும், சிவப்பு மெலிந்திருக்கும். வெள்ளையைச் சரிசெய்தால் பச்சையில் பெரும்பங்கை வெட்ட வேண்டிவரும். பெட்டியின் மேல் அச்சிட்ட, ஒளியின் அளவைச் சொல்லும் லூமன் எண் சரிந்துவிடும். வாங்குகிறவர் பார்ப்பது அந்த எண்ணை. அதனால்தான் ‘டைனமிக்’ என்ற பெயரில் பச்சையை அவிழ்த்துவிட்ட நிலை ஒன்று, ‘சினிமா’ என்ற பெயரில் அடக்கிய நிலை இன்னொன்று. நிறச் சக்கரம் சுழலும் ஒற்றைச் சிப் டிஎல்பி புரொஜெக்டரில், நிறமில்லாத ஒரு துண்டையும் சக்கரத்தில் சேர்த்து வெள்ளையின் பிரகாசத்தை மட்டும் உயர்த்துவார்கள். வெள்ளை எகிறும், பக்கத்திலுள்ள சிவப்பும் மஞ்சளும் சேறாகத் தெரியும். சிப்காட் ஆலையின் பயிற்சிக் கூடத்தில் பெயின்ட் குறைபாடு பற்றிய வகுப்பையே இப்படிப்பட்ட ஒளியில் நடத்தினால் படத்தில் இருக்கும் நிறம் ஒன்று, பயில்பவர் பார்ப்பது வேறொன்று. அறை விளக்கை அணைத்து, ‘சினிமா’ நிலைக்கு மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். அறையின் ஜன்னல் வெளிச்சத்தோடு போட்டி போடத்தான் டைனமிக் தேவைப்படுகிறது.

கடைசியாக எழுவது தியேட்டர்காரரின் ஆட்சேபம், இதுதான் எனக்கு மிகவும் கனமாகத் தெரிவது. டிக்கெட் விலைக்கு அரசு உச்சவரம்பு வைக்கிறது. பல்பு விலைக்கு வைப்பதில்லை. எல்லையோர ஊர் என்றால் கூடுதல் சங்கடம். கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டினால் விலையும் வேறு, காட்சி நேரமும் வேறு. 2023ல் ‘ஜெயிலர்’ வந்தபோது தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை ஒன்பது மணிக்கு, கர்நாடகத்தில் அதற்கும் முன்னால். இப்படி இரண்டு மாநில விதிகளுக்கு நடுவில் பிழைக்கும் ஒருவரிடம் வெள்ளைக்குச் செலவழி என்று சொல்வது எளிது. இதை மறுக்கவில்லை, என் வாதமே அவர் பக்கம்தான் நிற்கிறது. நிறம் கெட்டதற்கு அவருடைய அலட்சியத்தைவிட அவருடைய வரவுசெலவே காரணம் என்பதைத்தான் இந்த எழுபது ஆண்டு வரலாறு காட்டுகிறது. ஆனால் அதிக ஒளி வாங்குவதும், வாங்கிய ஒளியைச் சரியாகப் பங்கிடுவதும் வேறு வேறு செலவுகள். முதலாவது மாதாமாதம் தொடர்வது. இரண்டாவது, விளக்கு மாற்றும்போது ஒரு காலைப்பொழுது. இப்போது சிறிய தியேட்டர்களைத் தேடிவரும் லேசர் பாஸ்பர் புரொஜெக்டர்கள் பல்புச் செலவையே ஒழிக்கின்றன. நீல லேசர் ஒரு மஞ்சள் பாஸ்பரின் மேல் பட்டு வெள்ளையாகிறது. இங்கேயும் மெலிந்திருப்பது சிவப்புதான், அதை மீட்க மஞ்சளை வடிகட்டி ஒளியை இழக்க வேண்டும். பல்பு மாற்ற ஆள் வராததால், அளக்கும் சாக்கில்கூட யாரும் ஆபரேட்டர் அறைக்குள் வரப்போவதில்லை. பேனலை அளக்கும் கருவியும் திரையை அளக்கும் கருவியும் வேறு. ஆனால் எண்ணை வாசித்து எது மிகை, எது குறை என்று சொல்லத் தெரிந்தவர்கள் ஓசூரில் ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் வேலைபார்க்கிறார்கள்.